கார்பன் வழக்கு: டெல்டா ஊர்கள் எந்தக் கதவைத் தட்டலாம்?

கீழத்தஞ்சைக் கடற்கரையில் இறால் பண்ணைகளை எதிர்த்துப் போராடிய காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருக்கும் பண்ணைகளை, பாரம்பரிய முறையில் நடப்பவை நீங்கலாக, 1997 மார்ச் 31-க்குள் அகற்ற வேண்டும். பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்டஈடு தர வேண்டும். சுற்றுச்சூழல் வழக்குகளில் இவ்வளவு கடுமையான உத்தரவு அபூர்வம். ஆனால் 2005-ல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையின் தடை இறால் வளர்ப்புக்குப் பொருந்தாது, அதுவும் அறிவிக்கை வெளியான 1991 பிப்ரவரி 19 முதலே பொருந்தாது என்று அதன் 27-வது பிரிவு சொன்னது. தீர்ப்பு எந்தத் தரையில் நின்றதோ, அந்தத் தரையையே பின்தேதியிட்டு உருவிவிட்டார்கள்.

பசுமை இல்ல வாயு வழக்கு போட நினைக்கும் எந்த டெல்டா ஊரும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். ஜெயிப்போமா என்பது இரண்டாவது கேள்வி. ஜெயித்தால் அந்தத் தீர்ப்பு எதன்மேல் நிற்கும், அதை யார் எவ்வளவு சுலபமாக உருவ முடியும் என்பதே முதல் கேள்வி. புதிய எண்ணெய்க் கிணறு, எரிவாயுக் குழாய், சுத்திகரிப்பு ஆலை விரிவாக்கம், மின்நிலையம் என்று எது வந்தாலும் ஊராட்சிக்கும் விவசாயிகள் சங்கத்துக்கும் மீனவப் பஞ்சாயத்துக்கும் முன்னால் இருப்பவை நான்கு வழிகள். செலவும் கெடுவும் ஆயுளும் நான்குக்கும் வேறுவேறு.

சட்டத்தில் இப்போது என்ன இருக்கிறது

ஒரு கிணறோ ஆலையோ ஆண்டுக்கு இத்தனை டன் கார்பன் டை ஆக்சைடுக்கு மேல் விடக்கூடாது என்று சொல்லும் பொதுவான சட்டம் இந்தியாவில் இல்லை. 2009 நவம்பரில் அறிவிக்கப்பட்ட தேசியக் காற்றுத் தர அளவுகோலில் 12 மாசுகள் உண்டு. கார்பன் டை ஆக்சைடும் மீத்தேனும் அதில் இல்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் புகைபோக்கியில் அளப்பது தூசி, கந்தகம், நைட்ரஜன் ஆக்சைடு போன்றவற்றைத்தான்.

2022-ல் திருத்தப்பட்ட எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின் கீழ் 2023 ஜூனில் கார்பன் வரவு வணிகத் திட்டம் வந்தது. 2025 அக்டோபரில் முதல் கட்டமாக அலுமினியம், சிமென்ட், குளோர்-ஆல்கலி, காகிதக்கூழ்-காகிதம் ஆகிய நான்கு துறைகளுக்கு உமிழ்வுச் செறிவு இலக்குகள் அறிவிக்கப்பட்டன. டெல்டாவின் வடக்கு விளிம்பில் இருக்கும் அரியலூருக்கு சிமென்ட் துறை என்பதால் இது முக்கியம். ஆனால் ‘செறிவு’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். ஒரு டன் சிமென்டுக்கு எவ்வளவு உமிழ்வு என்பதுதான் கணக்கு. உற்பத்தி இரட்டிப்பானால் மொத்த உமிழ்வு கூடினாலும் இலக்கு மீறப்பட்டதாக ஆகாது. ‘எங்கள் ஊருக்கு மேல் புகை கூடிவிட்டது’ என்று இந்த விதியைக் காட்டி வழக்குப் போட்டால் நிற்காது. மீறிய ஆலையிடம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இழப்பீடு வசூலிக்கவில்லை என்று கேட்கலாம், அவ்வளவுதான்.

முதல் வழி: சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்து மேல்முறையீடு

தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டம், 2010-ன் 16-வது பிரிவு. ஒரு திட்டத்துக்கு மத்திய அமைச்சகமோ மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையமோ கொடுத்த அனுமதியைச் சென்னையில் உள்ள தென்மண்டல அமர்வில் எதிர்க்கலாம். நஷ்டஈடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். கெடு 30 நாள். போதிய காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். 90 நாள் தாண்டினால் தாமதத்தை மன்னிக்கத் தீர்ப்பாயத்துக்கே அதிகாரம் கிடையாது. நல்ல வழக்குகள் பலவும் விழும் இடம் இது.

நாள் எண்ணத் தொடங்குவது அனுமதி ‘தெரிவிக்கப்பட்ட’ தேதியிலிருந்து. அனுமதி பெற்ற நிறுவனம் 7 நாளுக்குள் இரண்டு உள்ளூர்ப் பத்திரிகைகளில், ஒன்று வட்டார மொழியில், விளம்பரம் தர வேண்டும். ஊராட்சிக்கும் நகல் போக வேண்டும். மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்திலும் அனுமதிக் கடிதம் ஏறும். விளம்பரம் எந்தப் பதிப்பில் வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். திருத்துறைப்பூண்டி திட்டத்துக்கு வேறு மாவட்டப் பதிப்பில் விளம்பரம் வந்திருந்தால் கெடுவைப் பற்றி வாதாட இடம் உண்டு. பத்திரிகைப் பக்கத்தை முழுசாக, தேதியோடு எடுத்து வையுங்கள். கத்தரித்த துண்டு போதாது.

இந்த வழியில் உமிழ்வு எங்கே வருகிறது? நேரடியாக வராது, தாக்க மதிப்பீட்டு அறிக்கையின் குறையாக வரும். இதற்கு இப்போது வெளிநாட்டிலிருந்து ஒரு கூர்மையான கருவி கிடைத்திருக்கிறது. இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் ஹார்ஸ் ஹில் எண்ணெய்க் கிணறுகளுக்கு எதிராக ஸாரா ஃபின்ச் என்ற உள்ளூர்வாசி தொடுத்த வழக்கில், 2024 ஜூன் 20 அன்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 3-க்கு 2 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. கிணற்றடியில் வரும் புகையை மட்டும் கணக்குக் காட்டினால் போதாது. எடுக்கும் எண்ணெய் எங்கேயோ எரிக்கப்படும் என்பது உறுதியாகத் தெரிந்த விஷயம், எனவே அந்த உமிழ்வும் மதிப்பீட்டில் வர வேண்டும் என்றது. விளைவு உடனே தெரிந்தது. 2025 ஜனவரியில் ஸ்காட்லாந்து நீதிமன்றம் ரோஸ்பேங்க், ஜாக்டா என்ற இரண்டு கடல் வயல்களின் ஒப்புதல்களை இதே காரணத்தால் செல்லாது என்றது. அதே ஆண்டு ஜூனில் பிரிட்டன் அரசு எரிப்பு உமிழ்வை எப்படிக் கணக்கிட வேண்டும் என்று புதிய வழிகாட்டுதல் வெளியிட்டது. ஒரு கிணற்றின் வழக்கு ஒரு நாட்டின் விதியை ஓராண்டுக்குள் மாற்றியது.

இந்தியத் தீர்ப்பாயத்தை அது கட்டுப்படுத்தாது, வாதத்துக்கு வலு சேர்க்கும். ஆனால் வாதத்தோடு கணக்கும் வேண்டும். எடுத்துக்காட்டாக, ஒரு கிணறு நாளுக்கு 30 டன் கச்சா எண்ணெயும் 20,000 கன மீட்டர் எரிவாயுவும் தரும் என்று விண்ணப்பத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு டன் கச்சா எரிந்தால் ஏறக்குறைய 3.1 டன் கார்பன் டை ஆக்சைடு. ஆண்டுக்கு 10,950 டன் எண்ணெய், அதாவது சுமார் 34,000 டன் உமிழ்வு. எரிவாயு ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 1.9 கிலோ. ஆண்டுக்கு 73 லட்சம் கன மீட்டர் என்றால் 14,000 டன்னை ஒட்டி வரும். அந்த எரிவாயுவில் 2 சதவீதம் எரியாமல் கசிந்தால் நாளுக்கு 400 கன மீட்டர், எடையில் 270 கிலோ அளவு மீத்தேன், ஆண்டுக்கு 98 டன். நூறாண்டுக் கணக்கில் மீத்தேனுக்குச் சுமார் 30 மடங்கு வெப்பவலு என்பதால் இது 2,900 டன்னுக்குச் சமம். இருபதாண்டுக் கணக்கில் 80 மடங்குக்கு மேல், 8,000 டன். எந்தக் கணக்கை எடுத்தோம் என்று எழுதாமல் எண்ணை மட்டும் போட்டால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த ஒரு ஓட்டையில் மொத்த மனுவையும் இறக்கிவிடுவார்.

அவர்கள் சொல்லப்போகும் பதிலும் தெரிந்ததே: ‘இங்கே எடுக்காவிட்டால் அதே எண்ணெயை இறக்குமதி செய்வோம், மொத்த உமிழ்வு மாறாது.’ இது தீர்க்கமான பதில் அல்ல. ஆனால் பனங்குடியில் ஆண்டுக்கு 90 லட்சம் டன் கொள்ளளவில் திட்டமிடப்பட்ட சுத்திகரிப்பு ஆலை போன்றவற்றில் இதற்குக் கொஞ்சம் எடை உண்டு. அவ்வளவும் எரிந்தால் 2.8 கோடி டன் என்று கணக்கு வரும். அதில் ஒரு பகுதி தாராகவும் பிளாஸ்டிக் மூலப்பொருளாகவும் போகும் என்பதால் அதை மேல்வரம்பு என்றே எழுத வேண்டும். கிணறுகளுக்கு ஃபின்ச் வாதம் நேராகப் பொருந்தும். ஆலைக்குக் கொஞ்சம் கோணலாகத்தான் பொருந்தும்.

உமிழ்வு வாதத்தைத் தனியே நிறுத்தாதீர்கள். மண்ணும் தண்ணீரும் முன்னால் போகட்டும், கார்பன் பின்னால் வரட்டும். நிறுவனம் அனுமதி கேட்டுத் தரும் படிவம்-1-ல் பாசன வாய்க்கால் தரிசாகக் காட்டப்பட்டிருக்கிறதா, குளம் விடுபட்டிருக்கிறதா, கிணற்றுக்கும் குடியிருப்புக்கும் தூரம் சரியா என்று கிராம வரைபடம், புல அளவை வரைபடம், அடங்கல் மூன்றையும் வைத்து ஒப்பிடுங்கள். தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் 8-வது பத்தி, வேண்டுமென்றே மறைத்த அல்லது தவறான தகவலுக்காக அனுமதியை ரத்து செய்ய இடம் தருகிறது. கோவாவின் மோபா விமான நிலைய வழக்கில் 2019 மார்ச் 29 அன்று உச்ச நீதிமன்றம் அனுமதியை நிறுத்தி வைத்ததும் படிவத்தில் சொல்லாமல் விட்டவற்றுக்காகத்தான். காலநிலைக் கடமைகளையும் அந்தத் தீர்ப்பு பேசியது. ஆனால் 2020 ஜனவரியில் கூடுதல் நிபந்தனைகளோடு அனுமதி திரும்ப வந்துவிட்டது, விமான நிலையமும் வந்துவிட்டது.

அங்கேதான் இந்த வழியின் உண்மையான பலன் தெரிகிறது. அனுமதி முற்றிலும் ரத்தாவது குறைவு. நிபுணர் குழுவுக்குத் திருப்பி அனுப்புவதும் நிபந்தனை சேர்ப்பதும்தான் அதிகம். ஆகவே ‘ரத்து செய்க’ என்று மட்டும் கேட்டுவிட்டு உட்காரக் கூடாது. மாற்றுக் கோரிக்கையாக நிபந்தனைகளை நாமே எழுதித் தர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அகச்சிவப்புக் கேமராவால் கசிவுச் சோதனை, மிச்ச வாயுவை எரிக்கும் சுடர்கம்பத்தில் எரித்த நேரமும் அளவும் நாள்வாரியாகப் பதிவு, குழாய் இணைப்பு கிடைக்கும்வரை கிணற்றைத் திறக்கக் கூடாது என்ற தடை, அந்தப் பதிவுகள் ஊராட்சிக்கும் வர வேண்டும் என்ற உத்தரவு. தீர்ப்பாயம் எழுதும் நிபந்தனை அந்த ஒரு கிணற்றுக்குரிய சட்டம் போல. நாடாளுமன்றம் மெனக்கெட்டு அதை மாற்ற வராது. ஆயுள் அதிகம்.

இந்த வழிக்கு ஒரு பெரிய பள்ளம் 2020 ஜனவரி 16-ல் வெட்டப்பட்டது. எண்ணெய், எரிவாயு ‘ஆய்வு’ப் பணிகள் அன்றைய திருத்தத்தால் பி-2 பிரிவுக்குப் போயின. கருத்துக் கேட்புக் கூட்டம் இல்லை, முழு மதிப்பீட்டு அறிக்கையும் இல்லை. எதிர்க்க வேண்டிய அறிக்கையே இல்லாதபோது அதில் குறை காட்டுவது எப்படி? கூட்டம் நடந்திருந்தால் ஊர் சொன்ன ஆட்சேபணைகள் பதிவில் ஏறியிருக்கும். அந்தப் பதிவை நாமே உண்டாக்க வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய கிராம சபை நாட்களில் சர்வே எண்ணோடு தீர்மானம் போட்டு, அனுமதி கொடுக்கும் ஆணையத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பொத்தாம் பொதுவாக ‘ஹைட்ரோகார்பன் வேண்டாம்’ என்று எழுதிய தீர்மானம் மேடைக்கு ஆகும், வழக்குக்கு ஆகாது.

இரண்டாவது வழி: தீர்ப்பாயச் சட்டத்தின் 14, 15-வது பிரிவுகள்

அனுமதி உத்தரவு கையில் இல்லை, ஆனால் தவறு நடந்துகொண்டிருக்கிறது என்றால் இது. 14-வது பிரிவுக்கு ஆறு மாதக் கெடு, அதற்கு மேல் 60 நாள். நஷ்டஈட்டுக்கும் சீரமைப்புக்கும் 15-வது பிரிவில் ஐந்து ஆண்டு. கெடு, பிரச்சினை ‘முதலில்’ எழுந்த நாளிலிருந்து ஓடும். குழாய் மூன்று முறை உடைந்திருந்தால் முதல் உடைப்பை விட்டுவிட்டு மூன்றாவதை மட்டும் சொல்வது ஆபத்து. ஒவ்வொன்றையும் தனி நிகழ்வாகத் தேதியிட்டு எழுதினால் பிழைக்கலாம்.

எண்ணெய்க் கசிவுக்கும் கெட்டுப்போன வயலுக்கும் இது நல்ல வழி. காலநிலைக்கு மோசமான வழி. 2017-ல் உத்தராகண்டைச் சேர்ந்த ஒன்பது வயதுச் சிறுமி ரிதிமா பாண்டே, நாடு முழுமைக்கும் கார்பன் வரம்பு கேட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனார். 2019 ஜனவரி 15 அன்று மனு தள்ளுபடியானது. பாரிஸ் ஒப்பந்தக் கடமைகள் அரசின் கொள்கையில் இடம்பெறவில்லை என்றோ, அனுமதி தரும்போது கருதப்படுவதில்லை என்றோ எண்ணக் காரணம் இல்லை என்பதுதான் தீர்ப்பாயம் சொன்ன பதில். ஆனால் இந்த வாக்கியத்தைத் திருப்பிப் போட்டால் முதல் வழிக்கு அது ஆயுதம். ‘அனுமதி தரும்போது காலநிலை கருதப்படுகிறது என்று நீங்களே சொன்னீர்கள். இந்த அனுமதியில் எந்தப் பக்கத்தில் கருதப்பட்டது, காட்டுங்கள்.’

இந்த வழியில் அநேகமாக ஒரு கூட்டுக் குழு போடப்படும். ஆட்சியர் தரப்பு, மாநில, மத்திய வாரியங்கள் அதில் இருக்கும். அதன் அறிக்கைதான் பாதி வழக்கு. குழு வரும் நாளில் சுடர்கம்பம் அணைந்திருக்கும், கசிந்த மண் அள்ளப்பட்டிருக்கும். குழு வரும்போது கூடவே நின்று, எந்த இடத்தில் மாதிரி எடுக்க வேண்டும் என்று எழுத்தில் கொடுத்து, ஒப்புதல் கையெழுத்து வாங்குங்கள். நாம் தனியாகப் பாட்டிலில் பிடித்து வைத்த தண்ணீருக்கு மதிப்பில்லை. அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் ஆளே மாதிரி எடுத்து, முத்திரையிட்டு, கைமாறிய விவரத்தோடு சோதித்த அறிக்கைதான் நிற்கும். குழு அறிக்கைக்கு ஆட்சேபணை தாக்கல் செய்யாமல் அடுத்த வாய்தாவுக்குப் போனால் அது ஒப்புக்கொண்டதாகிவிடும்.

மூன்றாவது வழி: உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு

தஞ்சாவூர், புதுக்கோட்டை, திருச்சி, கரூர்க்காரர்களுக்கு மதுரைக் கிளை. திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை, கடலூர், காரைக்கால்காரர்களுக்குச் சென்னை. இரண்டு மாவட்டத்தில் பரவிய திட்டமென்றால் மனுதாரர் யார் என்பதை இதைப் பார்த்து முடிவு செய்யலாம். ‘தீர்ப்பாயம் இருக்கிறதே, அங்கே போ’ என்று திருப்பி அனுப்பும் வாய்ப்பு எப்போதும் உண்டு. தீர்ப்பாயச் சட்டம் அரசியல் சாசனத்தின் 226-வது பிரிவு உயர் நீதிமன்றத்துக்குத் தரும் ரிட் அதிகாரத்தைப் பறிக்கவில்லை என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தீர்ப்பாயத்தால் தர முடியாததைக் கேட்டால் மட்டும் இங்கே வாருங்கள். அப்படிக் கேட்கக்கூடியவை மூன்று வகை. மூன்றும் மற்ற நாடுகளில் சோதிக்கப்பட்டவை.

ஒன்று, சொல்லின் பொருளைக் கேட்பது. 2007 ஏப்ரல் 2 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், மாசசூசெட்ஸ் மாநிலம் தொடுத்த வழக்கில் 5-க்கு 4 என்று, பசுமை இல்ல வாயுக்களும் தூய காற்றுச் சட்டத்தின் ‘காற்று மாசு’ என்ற சொல்லுக்குள் வரும் என்றது. அதன்மேல் 2009-ல் இந்த வாயுக்கள் மக்கள் நலத்துக்குக் கேடு என்ற ‘ஆபத்து’ முடிவு, அதன்மேல் வாகன விதிகள், 2015-ல் மின்நிலையங்களுக்கான திட்டம் என்று மாடிமேல் மாடி எழுந்தது. 2016-ல் மின்நிலையத் திட்டத்துக்குத் தடை விழுந்தது. 2022-ல் மேற்கு வர்ஜீனியா வழக்கில் 6-க்கு 3 என்று, இவ்வளவு பெரிய மாற்றத்துக்கு நாடாளுமன்றத்தின் தெளிவான ஆணை வேண்டும் என்றார்கள். 2024-ல் சட்டத்தின் பொருளில் துறையின் விளக்கத்துக்கு நீதிமன்றங்கள் விட்டுக்கொடுக்கும் நாற்பதாண்டு மரபும் போயிற்று. 2025 ஜூலையில் அந்த ஆபத்து முடிவையே ரத்து செய்ய அரசுத் துறை முன்மொழிந்தது. ஒரு சொல்லின் விளக்கத்தில் கட்டிய வீடு இப்படித்தான். ஆளும் நீதிபதியும் மாறினால் அஸ்திவாரம் ஆடும்.

நம் 1981-ம் ஆண்டு காற்றுச் சட்டத்தின் 2-வது பிரிவும் ஏறக்குறைய அதே அகலம்: மனிதருக்கோ, பிற உயிர்களுக்கோ, பயிருக்கோ, சொத்துக்கோ, சுற்றுச்சூழலுக்கோ கேடு தரும் செறிவில் காற்றில் இருக்கும் திட, திரவ, வாயுப் பொருள் எதுவும் மாசுதான். மீத்தேனை இதற்குள் கொண்டுவரலாம் என்பது வலுவான வாதம். முறை இது: முதலில் மத்திய வாரியத்துக்கு விரிவான கோரிக்கை மனு, அதற்குப் பதில் அல்லது நியாயமான காலம் கடந்த மௌனம், பிறகுதான் ரிட். கோரிக்கை வைக்காமல் ‘செய்யச் சொல்லுங்கள்’ என்று போனால் முதல் விசாரணையிலேயே திரும்ப வேண்டியதுதான். இதைத் தனி ஒரு ஊர் செய்வதைவிட மாவட்டக் கூட்டமைப்பு செய்வது நல்லது. செலவும் ஆண்டுகளும் அப்படி.

இரண்டு, எண்ணைக் கேட்பது. நெதர்லாந்தில் உர்கெண்டா அமைப்பு 2013-ல் தொடங்கிய வழக்கு 2019 டிசம்பர் 20-ல் முடிந்தது. 1990 அளவிலிருந்து 2020-க்குள் குறைந்தது 25 சதவீதம் குறைக்க வேண்டும் என்பது இறுதி உத்தரவு. ஆம்ஸ்டர்டாமின் ஹெம்வெக் நிலக்கரி நிலையம் 2019 இறுதியில் மூடப்பட்டது. 2020 இலக்கும் எட்டப்பட்டது, கொரோனா முடக்கமும் கை கொடுத்தது. ஜெர்மனியில் 2021 மார்ச்சில் அரசியல் சாசன நீதிமன்றம் இன்னும் நாசூக்காகச் செய்தது. எண்ணைத் தானே சொல்லாமல், இளைய தலைமுறையின் உரிமையைக் காட்டிச் சட்டத்தை முழுமையாக்கச் சொன்னது. சில மாதங்களில் 2030 இலக்கு 55-லிருந்து 65 சதவீதமானது, கார்பன் சமநிலை ஆண்டு 2050-லிருந்து 2045-க்கு வந்தது. இரண்டு நாட்டிலும் வரம்போ கடமையோ ஏற்கெனவே எழுத்தில் இருந்தது. இந்தியாவின் 2030 இலக்கு, 2005-ஐ ஒப்பிட்டு மொத்த உற்பத்தி மதிப்புக்கான உமிழ்வுச் செறிவில் 45 சதவீதக் குறைப்பு. இதை வைத்து டெல்டாவுக்கு ஒரு எண் கேட்டால் எந்த நீதிபதியும் தர மாட்டார். இந்த வகையை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

மூன்று, அரசே எழுதியதைச் செய்யச் சொல்வது. டெல்டாவுக்குப் பொருத்தம் இதுதான். பாகிஸ்தானில் அஸ்கர் லெகாரி என்ற விவசாயி 2015-ல் லாகூர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். புதிதாக எதையும் கேட்கவில்லை. 2012-ல் அரசு வெளியிட்ட காலநிலைக் கொள்கையையும் அதன் செயல்திட்டத்தையும் நிறைவேற்றவில்லை என்றார். நீதிமன்றம் துறைவாரியாகப் பொறுப்பதிகாரிகளை நியமிக்கச் சொல்லி, ஒரு ஆணையமும் அமைத்தது. 2018-ல் ஆணையம் கலைக்கப்பட்டபோது முன்னுரிமைப் பணிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு முடிந்திருந்ததாகப் பதிவு. நமக்கும் மாநிலக் காலநிலைச் செயல்திட்டம் இருக்கிறது, மாவட்டக் காலநிலை இயக்கங்கள் இருக்கின்றன. அதில் கடலோர அலையாத்திக்கும் நெல் வயல் மீத்தேனுக்கும் என்ன எழுதியிருக்கிறது, எவ்வளவு செலவானது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேளுங்கள். 30 நாளில் வரும் பதில்தான் மனுவின் முதல் இணைப்பு.

2024 மார்ச் 21 அன்று எம்.கே. ரஞ்சித்சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், காலநிலை மாற்றத்தின் கேடுகளிலிருந்து விடுபடும் உரிமை அரசியல் சாசனத்தின் 14, 21-வது பிரிவுகளில் அடங்கும் என்று சொன்னதை எல்லா மனுவிலும் மேற்கோள் காட்டுகிறார்கள். காட்டுங்கள். ஆனால் அந்த வழக்கு எதைப் பற்றியது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். கானமயில் பறவைக்காக மின்கம்பிகளைத் தரைக்கடியில் புதைக்கச் சொன்ன 2021 உத்தரவைத் தளர்த்தி, சூரிய மின்சாரத்துக்கு வழிவிட்ட தீர்ப்பு அது. ‘நிலக்கரியைவிட எரிவாயு தூய்மையானது, எனவே காலநிலை உரிமை எங்கள் பக்கம்’ என்று கிணறு தோண்டுபவரும் அதையே காட்டலாம்.

பெரிய கொள்கைத் தீர்ப்பு எவ்வளவு சீக்கிரம் கரையும் என்பதற்கு அண்மை உதாரணமும் உண்டு. முன்னனுமதி இல்லாமல் தொடங்கிய திட்டங்களுக்குப் பின்னால் அனுமதி தரக் கூடாது என்று வனசக்தி வழக்கில் 2025 மே 16 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே நீதிமன்றம் நவம்பர் 18-ல் 2-க்கு 1 என்று அதைத் திரும்பப் பெற்றது. ஆறு மாதம், ஒரு சம்பாவின் ஆயுள்.

நான்காவது வழி: சட்டத்திலேயே எழுத வைப்பது

மன்னார்குடி மீத்தேன் திட்டம் 2015-ல் கைவிடப்பட்டதும், 2023 ஏப்ரலில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு நிலக்கரிப் பகுதிகள் ஏலத்திலிருந்து நீக்கப்பட்டதும் தீர்ப்பால் அல்ல, மக்கள் அழுத்தத்தால். அந்த அழுத்தத்தின் எழுத்து வடிவம், 2020-ம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம். எண்ணெய், எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன், ஷேல் வாயு ஆகியவற்றுக்கான ஆய்வும் துளையிடலும் எடுத்தலும் இந்த மண்டலத்தில் புதிதாகக் கூடாது.

கார்பன் கணக்கில் பார்த்தால் நான்கு வழிகளில் இதுதான் அதிகம் மிச்சம் பிடித்தது. சட்டத்தில் ‘உமிழ்வு’ என்ற சொல்லே முக்கியமில்லை என்பது வேடிக்கை. ஓட்டைகளும் தெரிந்தவையே. திருச்சி, கரூர், அரியலூர் இதற்குள் இல்லை. கடலூரிலும் புதுக்கோட்டையிலும் சில ஒன்றியங்கள் மட்டும். காரைக்கால் வேறு அரசின் கீழ். ஏற்கெனவே நடப்பவை தொடரலாம். பழைய கிணற்றை ஆழப்படுத்துவதும், மூடிய கிணற்றைத் திறப்பதும் ‘புதிய செயல்பாடு’தானா என்ற கேள்விதான் இனி வழக்காகும். எண்ணெய் வயல் மத்தியப் பட்டியலில் இருப்பதால், வேளாண்மையும் நிலமும் என்ற மாநிலப் பட்டியல் காலில் நிற்கும் இந்தச் சட்டத்துக்கு ஒரு நாள் சோதனை வரலாம். 2025-ல் திருத்தப்பட்ட எண்ணெய் வயல் சட்டம் நிலக்கரிப் படுகை மீத்தேனையும் ஷேலையும் ‘கனிம எண்ணெய்’க்குள் சேர்த்திருப்பது அந்தச் சோதனையை நெருங்க வைக்கிறது.

எதை எப்போது

மண்டலத்துக்குள் புதிய கிணறு என்றால் நான்காவதையும் முதலாவதையும் சேர்த்துப் போடுங்கள். மத்திய அனுமதி இருப்பதால் மாநிலத் தடை அழியாது. மேல்முறையீட்டில் முதல் காரணமாக 2020 சட்டம், இரண்டாவதாகப் படிவத்தின் பொய், மூன்றாவதாக எரிப்பு உமிழ்வுக் கணக்கு விடுபட்டது என்று வரிசை இருக்கட்டும். மண்டலத்துக்கு வெளியே, லால்குடிப் பக்கமோ அரியலூர்ப் பக்கமோ என்றால் முதல் வழி மட்டுமே உண்மையான பிடி. காரைக்காலுக்கும் அதுவே.

பழைய கிணறு ஓயாமல் வாயுவை எரிக்கிறது என்றால் வழக்குக்கு முன் ஒரு வேலை இருக்கிறது. நிபந்தனைகள் நிறைவேற்றப்பட்டனவா என்று சொல்லும் இணக்க அறிக்கை, ஒவ்வொரு அனுமதிக்கும் ஜூன் 1, டிசம்பர் 1 என்று ஆண்டுக்கு இருமுறை தாக்கலாக வேண்டும். கடைசி ஆறு அறிக்கைகளை எடுத்து, சுடர்கம்பம் பற்றிய நிபந்தனைக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஆறிலும் ஒரே வாக்கியம் எழுத்துப்பிழையோடு திரும்பத் திரும்ப வந்திருந்தால், அதைவிட நல்ல சான்று கிடைக்காது. தீர்ப்பாயச் சட்டத்தின் 14-வது பிரிவுக்கு அது போதும்.

தீர்ப்பு மட்டும் போதாது, கணக்குக் கேட்க ஓர் இடமும் வேண்டும். காவிரியே இதற்குச் சாட்சி. நடுவர் மன்றம் அமைந்தது 1990, இறுதி உத்தரவு 2007, அரசிதழில் வந்தது 2013, 177.25 டி.எம்.சி. என்று உச்ச நீதிமன்றம் முடித்தது 2018. மேலாண்மை ஆணையம் என்று ஒரு அமைப்பு வந்த பிறகுதான் மாதாமாதம் கணக்குக் கேட்க ஓர் இடம் கிடைத்தது. கார்பன் வழக்கிலும் மனுவின் கோரிக்கைப் பத்தியில் கடைசி வரியாக இதை எழுதச் சொல்லுங்கள்: யார் அளக்க வேண்டும், எந்தக் கருவியால், எத்தனை நாளுக்கு ஒருமுறை, யாரிடம் தர வேண்டும். வழக்கறிஞர்கள் அந்த இடத்தில் ‘தகுந்த வேறு நிவாரணம்’ என்று போட்டு முடித்துவிடுவார்கள். அதை அடித்துவிட்டு நான்கையும் எழுதிய பிறகு வக்காலத்தில் கையெழுத்துப் போடுங்கள்.